கனடாவில் பிக்கரல் பிடிக்கப் போகிற யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு

கோடையில் கனடா போனால் அங்கே இருக்கிற மச்சான்மார் எப்படியும் ஒரு சனிக்கிழமை உங்களை மீன்பிடிக்கக் கூட்டிக்கொண்டு போவார்கள். ஸ்காபரோவில் இருந்து ஒன்றரை மணித்தியாலம் ஓடினால் றைஸ் லேக், அதற்கு மேலே கவர்த்தா ஏரிகள், கிழக்குப் பக்கம் இரண்டு மணித்தியாலத்தில் பே ஒஃப் குயின்ரி. அங்கே நீங்கள் பிடிக்கப் போவது பிக்கரல் என்கிற நன்னீர் மீன். பண்ணைப் பாலத்தடியிலோ மண்டைதீவுப் பக்கமோ தூண்டில் போட்டுப் பழகிய கை என்றால் மீன் பிடிப்பதில் பெரிய கஷ்டம் இராது. கஷ்டம் பிடிபட்ட பிறகுதான். சின்னதையும் வாளிக்குள் போடுவது, கரையிலேயே வெட்டிக் கழுவுவது, பக்கத்து வீட்டுக்கு ஒரு கூறு கொடுப்பது, மிச்சத்தைப் பிறிட்ஜில் அடுக்குவது என்று இங்கே நாங்கள் யோசிக்காமலே செய்கிற அத்தனைக்கும் இந்த ஏரிகள் இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. தூண்டில் வாங்க முதல் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் லைசென்ஸ். "அப்பாவுக்கு எழுபது வயது, வயசானவர்களுக்கு லைசென்ஸ் வேண்டாம்" என்று மச்சான் சொல்வார். அது அங்கே வசிக்கிறவர்களுக்கு. கனடாவில் வசிக்கிற 65 வயதுக்கு மேற்பட்டவர் அடையாள அட்டையோடு போனால் போதும், ஆனால் யாழ்ப்பாணத்தில் இருந்து விசிட்டர் விசாவில் போன அப்பா எத்தனை வயதானாலும் லைசென்ஸ் எடுக்கத்தான் வேண்டும். அன்னையர் தினம், தந்தையர் தினம் வருகிற வார இறுதிகளில் லைசென்ஸ் இல்லாமல் பிடிக்கலாம் என்று ஒரு சலுகை உண்டு, அதுவும் கனடாவில் வசிக்கிறவர்களுக்குத்தான். ஒரே ஒரு நாள் போகிறீர்கள் என்றால் ஒரு நாள் லைசென்ஸ் எடுங்கள், அதற்கு அவுட்டோர்ஸ் கார்ட் என்ற அட்டை தேவையில்லை. கூடின நாட்களுக்கென்றால் அந்த அட்டையும் வேண்டும். உங்களோடு வந்த 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் லைசென்ஸ் உள்ள ஒருவரோடு சேர்ந்து பிடிக்கலாம், ஆனால் பிள்ளை பிடித்து வைத்துக்கொள்கிற மீன் அந்தப் பெரியவரின் கணக்கில் விழும். மகன் இரண்டு பிடித்தால் உங்களுக்கு அவ்வளவு குறையும்.

லைசென்ஸில் இரண்டு வகை. ஸ்போர்ட் என்பது முழு அளவு, கொன்சர்வேஷன் என்பது விலை குறைவு, வைத்துக்கொள்ளக்கூடிய மீனும் குறைவு. பொழுதுபோக்குக்குத்தான் போகிறேன், ஒன்றிரண்டு கிடைத்தால் போதும் என்கிறவருக்கு இரண்டாவதே தாராளம். நான் எப்போதும் அதைத்தான் சொல்வேன், ஏனென்றால் முழு அளவுக்குக் காசு கட்டிவிட்டு வெறும் கையோடு வருகிறவர்கள்தான் அதிகம்.

சரி, எத்தனை பிடிக்கலாம்? எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான், இதற்கு ஒரே பதில் கிடையாது. ஒன்ராறியோவை 20 மீன்பிடி வலயங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், வலயத்துக்கு வலயம் கணக்கு வேறு, சில ஏரிகளுக்குத் தனிக் கணக்கு. சட்டப் புத்தகத்தில் இந்த மீனை வோலாய் என்று போட்டிருக்கும், ஏரிக்கரையில் பிக்கரல் என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். றைஸ் லேக்கும் கவர்த்தாவும் 17ஆம் வலயம். அங்கே ஸ்போர்ட் லைசென்ஸுக்கு 4, கொன்சர்வேஷனுக்கு அதைவிடக் குறைவு, அதுவும் 35 சென்ரிமீற்றருக்கும் 50 சென்ரிமீற்றருக்கும் இடைப்பட்ட மீனாக இருக்க வேண்டும். குயின்ரியில் 4 வைத்துக்கொள்ளலாம், ஆனால் 63 சென்ரிமீற்றருக்கு மேல் ஒன்றுதான். வடக்கே நிப்பிசிங் ஏரிக்குப் போனால் 2தான், இரண்டும் 46 சென்ரிமீற்றருக்கு மேல் இருக்க வேண்டும். ரொறன்ரோவுக்குக் கிட்ட இருக்கிறதே என்று ஸ்குகோக் ஏரிக்குப் போக நினைப்பவர்கள் கவனம்: மீன் குறைந்துபோனதால் 2016இல் அந்த ஏரியைப் பிக்கரலுக்கு மூடிவிட்டார்கள். மற்ற மீன் பிடிக்கலாம், பிக்கரல் பட்டால் உடனே விட வேண்டும். இந்தக் கணக்குகள் மாறக்கூடியவை, ஆகவே போகிற வருடத்துச் சட்டச் சுருக்கத்தை மாகாண அரசின் இணையத்தளத்தில் எடுத்து அந்த ஏரியின் பெயரைத் தேடிப் பாருங்கள். போன வருடம் மச்சான் பிடித்தார் என்பதை நம்பிப் போகாதீர்கள்.

சீசனும் உண்டு. 17ஆம் வலயத்தில் பிக்கரலுக்கு மே மாதத்து இரண்டாவது சனிக்கிழமை திறந்து நவம்பர் 15இல் மூடுவார்கள். பனி உருகி மீன் முட்டையிடுகிற காலம் முழுக்கத் தொடக்கூடாது.

அளவு விஷயத்தில்தான் எங்கள் ஆட்கள் அதிகம் தடுமாறுவது. இங்கே பெரிய மீன் பட்டால் அது அதிர்ஷ்டம். அங்கே 60 சென்ரிமீற்றரில் ஒரு பிக்கரல் றைஸ் லேக்கில் பட்டால் படம் எடுத்துவிட்டுத் தண்ணீருக்குள் விட வேண்டியதுதான். சின்னது இன்னும் ஒரு தடவைகூட முட்டையிட்டிருக்காது, பெரிய பெட்டை மீன் ஒரே தடவையில் ஏராளமாக முட்டையிடும், ஆகவே இரண்டையும் விட்டு நடுவில் உள்ளதை எடு என்பது சட்டத்தின் கணக்கு. தூண்டிலை விழுங்கி இரத்தம் வடிகிற மீனாக இருந்தாலும் அளவுக்குள் இல்லையென்றால் விட வேண்டும், "சாகப்போகிறதுதானே" என்று எடுத்து வைக்க முடியாது. அளக்கிற முறை இது: மீனை அடிமட்டத்தின் மேல் படுக்க வைத்து, வாயை மூடி, மூக்கு நுனியைப் பூச்சியத்தில் முட்டவிட்டு, வாலின் இரண்டு சிறகையும் ஒன்றாக அமத்திப் பிடித்து, எங்கே நீளமாக வருகிறதோ அதைப் பாருங்கள். 35ஐத் தொட்டும் தொடாமலும் நிற்கிற மீனோடு வாதாட வேண்டாம், விட்டுவிடுங்கள்.

அடுத்தது பிறிட்ஜ். 4 என்றால் ஒரு நாளைக்கு 4 என்று நினைத்து சனி 4, ஞாயிறு 4 என்று அடுக்கக் கூடாது. உங்கள் கையில், கூலருக்குள், காரில், வீட்டுப் பிறீசரில் என்று எங்கே கிடந்தாலும் உங்கள் பெயரில் மொத்தம் 4தான் இருக்கலாம். ஒரு நாளில் பிடித்து வைத்துக்கொள்வதற்கும் அதே 4தான், அந்தக் கணக்கும் நினைக்கிற மாதிரி இல்லை. கரையில் வைத்துப் பொரித்துச் சாப்பிட்டதும் கணக்கு, பக்கத்துப் படகுக்காரருக்கு இனாமாகக் கொடுத்ததும் கணக்கு. குருநகர்ச் சந்தையில் கூறு போடுகிற மாதிரி ஆளுக்கு ஒன்றாகப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு "என்னிடம் இப்போது ஒன்றும் இல்லை" என்று திரும்பவும் தூண்டில் போட முடியாது. விற்கவே கூடாது, மீனுக்குப் பதில் வேறொன்றை மாற்றிக்கொள்ளவும் கூடாது.

கோர்வையில் கோத்து வைத்த சின்னதை அவிழ்த்து விட்டுவிட்டுப் பெரியதை மாற்றிக்கொள்வதும் அங்கே ஆகாது. காற்று ஊட்டுகிற மோட்டர் உள்ள மீன்தொட்டி படகில் இருந்தால் மட்டும் அப்படி மாற்ற இடமுண்டு. வாடகை அலுமினியப் படகில் அது பெரும்பாலும் இராது.

இவ்வளவு கறாரா என்று சிரிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இழுவை மடி கடலடியை எப்படி வழித்துக்கொண்டு போகும் என்பதை எங்கள் ஊரில் யாருக்கும் படிப்பிக்கத் தேவையில்லை. 2017இல் இலங்கைப் பாராளுமன்றம் அதைச் சட்டமாகவே தடை செய்தது, பிறகும் எங்கள் ஆட்கள் வலை அறுந்து கரைக்கு வருகிறார்கள். சட்டம் எழுதுவது ஒன்று, ஒரு அதிகாரி வந்து கூலரைத் திறந்து எண்ணிப் பார்ப்பது வேறொன்று. அங்கே எண்ணுவார்கள்.

இனிப் பிடிக்கிற வேலை. ஏரியில் சாதாரணமாக ஒருவருக்கு ஒரு தூண்டில்தான், இங்கே மாதிரி மூன்றைக் கரையில் ஊன்றிவிட்டு இருக்க முடியாது. வலை வீசி இந்த மீனைப் பிடிக்கிற கதையே இல்லை. 8 இறாத்தல் பாரம் தாங்குகிற தங்கூசி போதும், அதன் நுனியில் ஈயத் தலையோடு வருகிற ஜிக் தூண்டில், எட்டில் ஒரு அவுன்ஸிலிருந்து கால் அவுன்ஸ் வரை, அதில் ஒரு மண்புழு அல்லது றப்பர்ப் புழு. அடியில் ஈயம் தட்டும் வரை விட்டு, நாலைந்து அங்குலம் தூக்கி, மெதுவாக விழவிடுங்கள். மீன் எடுப்பது அநேகமாக விழுகிற நேரத்தில்தான். பாரை மாதிரிப் பறித்துக்கொண்டு ஓடாது. தங்கூசியில் ஒரு சின்னத் தட்டு, அல்லது திடீரென்று ஒரு பாரம், பாசியில் மாட்டிவிட்டது போலத் தோன்றும், அப்போதே கையை உயர்த்துங்கள். பகல் வெயிலில் உட்கார்ந்து தோல் கறுக்கிறதுதான் மிச்சம். பிக்கரலின் கண்ணுக்குள் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற ஒரு படலம் இருப்பதால் மங்கலில் அதற்கு நன்றாகத் தெரியும், இரையாகிற சின்ன மீன்களுக்குத் தெரியாது, ஆகவே விடியல், பொழுது படுகிற நேரம், மப்பு மூடிய நாள், காற்றில் தண்ணீர் அலைமோதுகிற நேரம் என்று பார்த்துப் போங்கள். பாசி முடிகிற விளிம்பில் போட்டுப் பாருங்கள். றைஸ் லேக் ஆழம் குறைந்த ஏரி, எங்கள் கடல்நீரேரியில் வள்ளம் விட்டவர்களுக்கு அந்தத் தண்ணீரின் போக்குச் சீக்கிரம் பிடிபடும்.

படகுக்குள் ஏற்றியதும் வாய்க்குள் விரலை விடாதீர்கள். பாஸ் என்கிற மீனை அங்கே கீழ்த்தாடையில் பிடித்துத் தூக்குவார்கள், அதைப் பார்த்துவிட்டுப் பிக்கரலையும் அப்படித் தூக்கினால் பல் ஏறிவிடும். முதுகில் முள்ளும் செவுளின் ஓரத்தில் கூரும் உண்டு. செவுளுக்குப் பின்னால் முதுகோடு சேர்த்துப் பிடித்து நீள மூக்குக் குறட்டால் தூண்டிலைக் கழற்றுங்கள். விடப்போகிற மீன் என்றால் முதலே கையை நனைத்துக்கொள்ளுங்கள். பிக்கரல்தானா என்று சந்தேகமென்றால் வாலின் கீழ்ச் சிறகு நுனியைப் பாருங்கள், வெள்ளையாக இருக்கும். இது முக்கியம், ஏனென்றால் மே மாதத்தில் பிக்கரல் திறந்திருக்கும்போது அதே ஏரியில் பாஸுக்குச் சீசன் திறந்திராது.

வெட்டுவது. ஏரியில் நிற்கும்போதே முள் எடுத்துத் துண்டு போட்டுவிட்டால் அதிகாரி எதை அளப்பார்? அளவுச் சட்டம் உள்ள ஏரியில் மீனை முழுதாக ஐஸில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள். தங்குகிற கொட்டேஜில் வைத்து வெட்டுவதாக இருந்தால் ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் தோலை விட்டு, எத்தனை மீன் என்று எண்ணக்கூடியதாகத் தட்டையாக அடுக்குங்கள். எல்லாவற்றையும் ஒரே பையில் அமுக்கி உறைய வைத்தால் உங்களுக்கே எண்ணத் தெரியாது. புழு, மீன்குஞ்சு வைத்திருந்த வாளித் தண்ணீரை ஏரிக்குள் ஊற்றக் கூடாது, கரையில் இருந்து 30 மீற்றருக்கு அப்பால் தரையில் ஊற்ற வேண்டும்.

சிநேகிதப் பெடியளோடு போகிறவர்களுக்கு: படகில் ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி இருக்க வேண்டும். படுக்கை, சமையல், கழிவறை ஒன்றும் இல்லாத சின்னப் படகில் பியர் குடிக்கக் கூடாது. இதைச் சொன்னால் யாராவது முகத்தைச் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

சாப்பாட்டுக்கு இதைவிட நல்ல நன்னீர் மீன் நான் காணவில்லை. வெள்ளைச் சதை, சின்ன முள் தொல்லை இல்லை, சேற்று மணம் இல்லை. மிளகாய்த்தூள், மஞ்சள், உப்புப் போட்டுப் பொரித்தால் போதும், தலையை எறியாமல் சொதி வையுங்கள், கன்னச் சதை அருமை. குழம்புக்குப் புளி கூடினால் மீனின் ருசி போய்விடும். பெரிய மீன்களில் பாதரசம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும் என்பதால் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் எந்த ஏரியில் எந்த அளவு மீன் மாதத்துக்கு எத்தனை தடவை என்று மாகாண அரசு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, அதையும் ஒருக்கால் பாருங்கள்.

அடுத்த சனிக்கிழமை திரும்பவும் போகிற எண்ணம் இருந்தால் வெள்ளிக்கிழமை இரவே பிறீசரைத் திறந்து எத்தனை கிடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நாலும் அப்படியே இருந்தால் அன்றைக்கு இரவுச் சாப்பாடு மீன்தான்.