மேல் ஷட்ஜத்தில் பிசிறிய குரல் சரியானது எப்படி

காலையில் கர்நாடக இசைப் பயிற்சிக்குச் சுருதி போட்டு உட்கார்ந்தால் மேல் ஷட்ஜத்தை, அதாவது மேலே வரும் ‘ஸ’வை, தொடும்போதே எனக்குக் குரல் பிசிறும். சரளி வரிசை என்ற ஆரம்பப் பயிற்சிக்கு முன்னால் குரலைத் தயார்படுத்தக் கொஞ்சம் நேரம் ஒதுக்கிய பிறகுதான் அது நின்றது. முதலில் வாயை மூடி மெல்லிய ஹம்மிங், அப்புறம் மத்திய ஷட்ஜத்திலிருந்து (நடு ‘ஸ’) மந்திர ஸ்தாயிப் பஞ்சமம் (அதற்குக் கீழே வரும் ‘ப’) வரை ஒவ்வொரு ஸ்வரமாக இறங்கி, தாடையைத் தளர்த்தி, சத்தம் கூட்டாமல் ‘ஆ’ என்று அகாரத்தில் நிற்பது, மூச்சு முட்டுவதற்கு முன்பே விட்டுவிடுவது. கீழே குரல் திறந்த பிறகே மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி, அதுவும் முதல் காலத்தில் (மெதுவான வேகத்தில்) ஸ்வரமாகப் பாடி, பிறகு அதையே அகாரமாக. மூன்றாம் காலத்துக்கு எனக்கு அவசரமே இல்லை, வேகத்தில் ஸ்வரம் நழுவினாலும் காதுக்குத் தெரியாது. ஒவ்வொரு ஸ்வரமும் இரட்டையாக வரும் ஜண்டை வரிசையில் இரண்டாவது ஸ்வரத்துக்கு அழுத்தம் வேண்டும், அதனால் அது கடைசியில்தான். தொண்டை வலித்தால் அன்று தார ஸ்தாயி (மேல் ‘ஸ’வும் அதற்கு மேலும்) கிடையாது.