பறக்காத பஞ்சு: வீட்டில் சில்கிக் கோழி வளர்ப்பது எப்படி

எங்கள் வீட்டில் மழை தூறினால், கொடியில் காயும் துணியை யாரும் முதலில் எடுப்பதில்லை. கோழிகளைத்தான் எடுப்போம். மற்ற கோழிகள் நாலு சொட்டு விழுந்ததுமே ஓடி ஒதுங்கிவிடும். சில்கி பல சமயம் நின்ற இடத்திலேயே நின்று நனையும். நனைந்து முடித்ததும் பிழிந்து போட்ட துணி மாதிரி ஒட்டிப்போய், 'யாராவது வந்து தூக்குங்களேன்' என்று பார்க்கும்.

முதல் வருடம் எனக்கு இது தெரியாது. நான் வெளியே போயிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. திரும்பி வந்தால், பருத்தி (வெள்ளைப் பெட்டை, அப்போது நாலு மாத வயது) கூட்டு வாசலுக்கு இரண்டடி தள்ளி நின்று நடுங்கிக்கொண்டிருந்தாள். உள்ளே போகத் தோன்றவில்லை அவளுக்கு. துண்டில் சுற்றி, முடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில் வைத்து அரை மணி நேரம் காயவைத்தேன். பத்தாவது நிமிடமே மடியில் தூங்கிவிட்டாள். அன்றைக்குத்தான் எனக்கு இந்த இனம் பிடிபட்டது. இதன் சாதுக் குணமும் கையாலாகாத்தனமும் ஒன்றாகவே வருகின்றன. ஒன்றை ரசிக்க வேண்டுமென்றால் மற்றதற்கு நாம் ஈடுகொடுக்க வேண்டும்.

காரணம் இறகில் இருக்கிறது. சாதாரண இறகில் நடுத்தண்டிலிருந்து கிளைகள் பிரியும், அவற்றிலிருந்து இன்னும் நுண்ணிய இழைகள் பிரியும். அந்த இழைகளில் உள்ள கொக்கிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால்தான் இறகு ஒரே தகடாக நிற்கிறது, தண்ணீரை வழியவிடுகிறது, காற்றைத் தள்ளிப் பறக்க உதவுகிறது. சில்கிக்கு அந்தக் கொக்கிகள் சரியாக அமைவதில்லை. ஜிப் அறுந்த பை மாதிரி இறகு பிரிந்தே நிற்கும். தொட்டால் பூனைக்குட்டி. ஆனால் மழை தோல்வரை போகும், பறக்கவும் முடியாது. தலையில் ஒரு பந்து இறகு கண்ணை மறைப்பதால் மேலே பருந்து வந்தாலும் தெரியாது.

பழைய இனம் இது. 13ஆம் நூற்றாண்டில் சீனா வழியாகப் பயணம் செய்த மார்க்கோ போலோ, பூனை போல மயிர் உள்ள கறுப்புக் கோழிகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். சீன மொழியில் இதற்குக் 'கறுப்பு எலும்புக் கோழி' என்று பொருள்படும் பெயர். வெள்ளைச் சில்கியின் இறகை ஒதுக்கிப் பார்த்தால் தோல் கருநீலமாக இருக்கும், எலும்பும் கறுப்புதான். 1874இல் அமெரிக்காவில் வெளியான முதல் கோழியினத் தரப் பட்டியலிலேயே இது இடம் பிடித்துவிட்டது.

வாங்கும்போது கால் விரல்களை எண்ணுங்கள். பெரும்பாலான கோழிகளுக்கு நாலு விரல், சில்கிக்கு ஐந்து. காலிலும் இறகு இருக்கும். காது மடல் நீலப்பச்சையாகவும், கொண்டை கருஞ்சிவப்பாகவும் அக்ரூட் பருப்பு மாதிரி சுருங்கியும் இருக்கும். சாதாரண இறகோடு ஒரு கோழியைக் காட்டி 'இதுவும் சில்கிதான்' என்றால் அது கலப்பு. பஞ்சு இறகு தாய் தகப்பன் இரண்டிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். கலப்புக் கோழி மோசம் என்று சொல்லவில்லை, சொல்லப்போனால் மழைக்கு அதுதான் புத்திசாலி. ஆனால் நீங்கள் தேடியது அது இல்லை.

ஒன்றே ஒன்று வாங்காதீர்கள். கோழி கூட்டத்தில் வாழும் பிறவி, குறைந்தது மூன்று வேண்டும். விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பதானால், மேரக் நோய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். குஞ்சு பொரித்த முதல் நாளே போட வேண்டிய ஊசி அது. இறகுத் துகள் வழியாகப் பரவும் அந்த வைரஸுக்குச் சில்கி எளிதில் இரையாகும். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே நீட்டிக்கொண்டு கோழி விழுந்து கிடந்தால் அதைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். வந்தபின் மருந்து கிடையாது. நான் கேட்காமல் வாங்கிய முதல் கூட்டத்தில் இரண்டு அப்படிப் போயின.

பெட்டையா சேவலா என்பதை மட்டும் யாரிடமும் கேட்காதீர்கள், சொன்னாலும் நம்பாதீர்கள். சில்கியில் அது ஐந்தாறு மாதம் கழித்துத்தான் தெளியும், சிலது அதற்கு மேலும் இழுத்தடிக்கும். பெட்டையின் தலை இறகு உருண்டையாக நிற்கும், சேவலுக்குச் சில இறகுகள் பின்னால் நீண்டு வாரிவிட்ட மாதிரி போகும். நான் ஏழு மாதம் 'கோமதி, கோமதி' என்று கொஞ்சிய கோழி ஒரு நாள் விடியற்காலையில் கூவியது. இப்போது அவர் கோமதிநாயகம். முட்டைக்குச் சேவல் தேவையில்லை, குஞ்சு வேண்டுமென்றால்தான் தேவை. குடியிருப்புப் பகுதிகளில் சேவலுக்கு, சில இடங்களில் கோழிக்கே, தடை இருக்கும். உள்ளாட்சி விதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வாங்கிய பிறகு பார்த்தால் பிரிவது கஷ்டம்.

குஞ்சாக வாங்கினால் முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வந்து அறை வெப்பத்துக்குக் கொண்டுவரலாம். வெப்பமானியைவிடக் குஞ்சுகளே நன்றாகச் சொல்லும். விளக்கடியில் நெருக்கியடித்துக் கத்தினால் குளிர், ஓரத்தில் வாயைப் பிளந்து நின்றால் சூடு, பரவிக் கிடந்து தூங்கினால் சரி. விளக்கை இரண்டு இடத்தில் கட்டுங்கள், ஒரு முடிச்சு அவிழ்ந்தாலும் வைக்கோலில் விழக்கூடாது. தரையில் செய்தித்தாள் போட்டால் வழுக்கிக் கால் அகன்றுவிடும், சொரசொரப்பான துணியோ மரச்சீவலோ போடுங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் பரப்புங்கள். சில்கிக் குஞ்சு மூழ்குவதற்கு விரல் ஆழமே போதும்.

கூட்டைப் பற்றி எல்லாரும் நீளமாகப் பேசுவார்கள். எனக்குத் தெரிந்தவரை சில்கிக்கு மூன்று விஷயம்தான் முக்கியம்: கூரை, தரை, கம்பி. கூரை ஒழுகக்கூடாது, வெளியே உலாவும் இடத்திலும் பாதிக்குக் கூரை வேண்டும். தரை காய்ந்திருக்க வேண்டும். கால் இறகில் சேறு ஒட்டிக் காய்ந்தால் கல் கட்டின மாதிரி ஆகிவிடும். ஈரத் தரையில் ரத்தக்கழிச்சலும் வரும், அதில் முதலில் விழுவது குஞ்சுகள்தான். கம்பி விஷயத்தில் நான் ஏமாந்தேன். 'கோழி வலை' என்று விற்கும் மெல்லிய அறுகோண வலை கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும், நாயையும் கீரியையும் வெளியே வைக்க உதவாது. அரை அங்குலச் சதுரக் கண் உள்ள பற்றவைத்த கம்பிவலை வேண்டும். அதையும் ஓர் அடி மண்ணுக்குள் புதையுங்கள், தோண்டி வரும் பிராணிகளுக்காக.

இடம் கோழிக்கு நாலு சதுர அடி உள்ளே, எட்டு முதல் பத்து வெளியே என்றால் தாராளம். மேலே காற்றோட்டம் இருக்கட்டும், தூங்கும் உயரத்தில் காற்று நேராக அடிக்கக்கூடாது. உயரமான கட்டை வைத்து ஏமாற வேண்டாம், சில்கி ஏறாது. ஓர் அடி உயரத்தில் அகலமான கட்டை வைத்தேன். அமாவாசை (கறுப்புப் பெட்டை) மட்டும் ஏறுவாள். மற்றவை மூலையில் ஒரே குவியலாகக் கிடந்து தூங்கும். அதனால் அந்த மூலையில்தான் தினமும் எச்சம் அள்ள வேண்டும்.

பெரிய கோழிகளோடு சேர்த்து வளர்க்காதீர்கள். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். பல சில்கிகளின் மண்டை உச்சியில் எலும்பு முழுதாக மூடியிருக்காது, இறகுப் பந்தின் அடியில் மென்மையான மேடு போலத் தட்டுப்படும். மற்ற கோழிக்கு வெறும் கொத்து, சில்கிக்கு மூளைக் காயம். நான் இரண்டு பெரிய முட்டைக்கோழிகளோடு ஐந்து நாள் விட்டுப் பார்த்தேன். ஐந்தாம் நாள் பருத்தியின் தலைப்பந்து சிவப்பாக இருந்தது. நல்லவேளை, தோல் காயம்தான். கழுத்து முறுக்கிக்கொண்டு தலை தலைகீழாகத் திரும்பும் நோயும் இந்த இனத்தில் பார்ப்பதுண்டு. தலையில் அடிபட்டது, சத்துக் குறைவு, மேரக் என்று காரணம் பலவாக இருக்கலாம், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வைட்டமின் ஈ கொடுப்பதும், கையால் ஊட்டிப் பொறுமையாகப் பார்த்துக்கொள்வதும் சிலவற்றை மீட்டிருக்கின்றன.

கண்ணை மறைக்கும் இறகை நுனி மழுங்கிய கத்தரியால் வெட்டிவிடலாம். புதிதாக முளைக்கும் இறகில் ரத்தம் ஓடும், அடித்தண்டு கருநீலமாக இருந்தால் அதைத் தொடாதீர்கள். வெட்டிய அன்றே கோழி ஆள் மாறிவிடும். எங்கள் வீட்டில் எதற்கெடுத்தாலும் பயந்து நடுங்கிய ஒரு பெட்டைக்கு உண்மையில் பயமே இல்லை, பாவம், இத்தனை நாள் எதுவும் தெரியவில்லை என்பதுதான் விஷயம்.

தீனி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு மாதம் 18 முதல் 20 சதவீதம் புரதமுள்ள குஞ்சுத் தீவனம், பிறகு வளரும் பருவத் தீவனம். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகம், முட்டையிடாத கோழியின் சிறுநீரகத்துக்கு அது சுமை. சில்கி வருடத்தில் பாதி நாள் முட்டையிடாமல் அடையில் கிடப்பதால், நான் வளரும் பருவத் தீவனத்தையே வைத்து, தனிக் கிண்ணத்தில் கிளிஞ்சல் நொறுக்கு வைக்கிறேன். வேண்டியவள் கொத்திக்கொள்வாள். கீரை, புழு, பழத்துண்டு எல்லாம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். பூஞ்சை பிடித்தது, வேகாத பயறு, உப்பு மிகுந்தது, சாக்லேட் எதுவும் கூடாது. மண்ணில் மேயாத கோழிக்குச் சிறு கல் துகளும் வேண்டும், அதற்குப் பல் அதுதான்.

பழக்குவது எப்படி என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். மேலிருந்து கையைக் கொண்டுவராதீர்கள். மேலிருந்து வருவது பருந்து. தரையில் உட்காருங்கள், உள்ளங்கையில் தீனி வைத்து வேறெங்கோ பாருங்கள். இரண்டாம் வாரம் மடியில் ஏறும். தூக்கும்போது நெஞ்சுக்கு அடியில் ஒரு கை, கால்களை விரல்களுக்கிடையே தளர்வாகப் பிடித்தபடி. குழந்தைகள் முகத்தோடு வைத்துக் கொஞ்சுவார்கள், அதை மட்டும் தடுங்கள். நலமாகத் தெரியும் கோழியிடமும் சால்மோனெல்லா இருக்கலாம், தூக்கி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

புழுதிக் குளியலுக்கு ஒரு தொட்டியில் காய்ந்த மண்ணும் மணலும் வையுங்கள், பேனுக்கு அதுவே முதல் வைத்தியம். இருந்தாலும் வாரம் ஒருமுறை வால் அடியிலும் செட்டைக்கு அடியிலும் இறகை ஒதுக்கிப் பாருங்கள், இவ்வளவு அடர்த்தியில் பேன் ஒரு ஊரே கட்டிவிடும். கால் செதில் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாக இருந்தால் செள் புகுந்திருக்கிறது. வெதுவெதுப்பான நீரில் காலை ஊறவைத்துத் துடைத்து, வாஸ்லின் தடவி அந்தச் செள்ளை மூச்சுமுட்ட வையுங்கள், சில வாரம் விடாமல்.

கடைசியில் அடை. ஏழெட்டு மாதத்தில் முட்டையிட ஆரம்பிக்கும், வெளிறிய சின்ன முட்டை, வருடத்துக்கு நூறு கிடைத்தால் நல்ல கணக்கு. பத்துப் பன்னிரண்டு இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். முட்டை இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. அமாவாசை ஒருமுறை ஒன்பது நாள் எலுமிச்சம்பழத்தின் மேல் உட்கார்ந்திருந்தாள். சேவல் சேர்ந்த முட்டை கொடுத்தால் 21 நாளில் பொரிக்கும், வாத்து முட்டைக்கும் 28 நாள் சலிக்காமல் உட்காரும். அடைக்கோழியை தினம் ஒருமுறை தூக்கித் தீனிக்குப் பக்கத்தில் விடுங்கள், இல்லாவிட்டால் உருகிப்போகும். குஞ்சு வேண்டாம் என்றால், அடியில் காற்றோடும் கம்பித் தரைக் கூண்டில் தீனி தண்ணீரோடு மூன்று நாலு நாள் வையுங்கள், வயிற்றுச் சூடு தணிந்து அடை கலையும். கூண்டிலிருந்து முறைப்பாள். முறைக்கட்டும்.

எல்லா வேலையிலும் தள்ளிப்போட முடியாதது இருட்டும் நேரத்தில் கதவைச் சாத்துவதுதான். ஏழெட்டு வருடம் வாழும் கோழிக்கு ஒரு மாலை தவறினால் போதும். நான் வெளியூர் போனால் பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கொடுத்து, 'ஆறு இருக்கிறதா என்று எண்ணிவிட்டுச் சாத்துங்கள்' என்று மட்டும் சொல்வேன். இருட்டில், மூலையில் கிடக்கும் ஒரே பஞ்சுக் குவியலில் எது தலை, எது வால் என்று யாருக்குத் தெரியும்? அக்கா ஒவ்வொன்றாகத் தூக்கி மடியில் வைத்து எண்ணுவாராம். ஆறாவதை எடுப்பதற்குள் முதலாவது மறுபடி குவியலில் போய்ப் படுத்திருக்கும், அதனால் இன்னொரு தடவை எண்ணுவாராம்.