வரிசை மாறியதும் வந்த கரகரப்பு

1987-இல் வந்த ஈ-மியூ எஸ்பி-1200 சாம்ப்ளரின் (ஒலித் துணுக்குகளைப் பதிந்து மீண்டும் இசைக்கும் கருவி) கரகரப்பை என் டிரம் ஒலிகளில் கொண்டுவர மூன்று இரவுகள் போராடினேன். ஒலியின் நுணுக்கத்தை வேண்டுமென்றே குறைக்கும் பிட்கிரஷரை 8 பிட்டுக்கு இறக்கினேன்; ஸ்நேர் டிரம் அடியின் வால் முழுதும் மணலை வறுப்பதுபோல் இரைந்தது. பழமை வரவில்லை, அழுக்குதான் வந்தது.

எண்ணும் தவறு, வரிசையும் தவறு. அந்தக் கருவி பதிவது 12 பிட்டில், 26.04 கிலோஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 26,040 மாதிரிகள்; மொத்தமாகப் பதிய முடிந்ததே 10 விநாடிதான். இடத்தை மிச்சப்படுத்த அக்காலத்தவர் நிமிடத்துக்கு 33 முறை சுழல வேண்டிய இசைத்தட்டை 45-இல் ஓடவிட்டுப் பதிந்து, பிறகு கருவிக்குள் சுருதியை இறக்கினார்கள். கரகரப்பின் பெரும்பகுதி அந்த இறக்கத்தில்தான் பிறக்கிறது.

நானும் அப்படியே செய்தேன். வேகத்தைக் கூட்டி ஒலியை 5 அரைச்சுரம் உயர்த்தி, 26.04 கிலோஹெர்ட்ஸுக்கும் 12 பிட்டுக்கும் குறைத்தேன். சுருதி மாற்றும்போது இடைமதிப்புகளை மென்மையாக நிரப்பும் வசதியை அணைத்துவிட்டு (இதை மறந்தால் எல்லாம் வீண்) அதே 5 அரைச்சுரம் இறக்கினேன். ஹை-ஹாட் என்ற இரட்டைத் தாளத்தட்டின் ஒலிமேல் மெல்லிய உலோக ரீங்காரம் படர்ந்தது. பேஸ் டிரம்முக்கு மட்டும் மேல் அலைவரிசைகளை வடிகட்டினேன். ஸ்நேரைத் தொடவில்லை, அந்த முரட்டுத்தனம் அதற்குப் பொருந்துகிறது.