எல்எம்2596 மாட்யூலில் −12 வோல்ட் எடுக்கும்போது சூட்டைக் குறைப்பது எப்படி?

ஹெட்போன் ஆம்ப்ளிஃபயருக்காக −12 வோல்ட், அரை ஆம்பியர் தேவைப்பட்டது. எல்எம்2596 என்பது வோல்டேஜைக் குறைத்துத் தரும் ஐசி; வயரிங்கை மாற்றினால் அதன் மாட்யூலில் மைனஸ் வோல்டேஜும் எடுக்கலாம். 3 ஆம்பியர் மாட்யூல்தானே என்று 5 வோல்ட் அடாப்டரில் இணைத்தேன். சில நிமிடங்களில் ஐசி மேல் விரல் வைக்க முடியவில்லை.

முதலில் வயரிங். அடாப்டரின் ப்ளஸ், மாட்யூலின் இன் ப்ளஸுக்கு. அடாப்டரின் மைனஸ், அவுட் ப்ளஸுக்கு. இனி அதுதான் கிரவுண்ட். அவுட் மைனஸில் −12 கிடைக்கும். இன் மைனஸைச் சும்மா விடுங்கள். இன் ப்ளஸுக்கும் புது கிரவுண்டுக்கும் நடுவே 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. லோடு இல்லாமல் ப்ரீசெட்டை (வோல்டேஜை மாற்றும் சிறு திருகு) திருகி 12-க்குக் கொண்டுவாருங்கள்.

இப்போது சூடு. இந்த இணைப்பில் ஐசிக்குள் இருக்கும் ஸ்விட்ச் ஆஃப் ஆகும் நேரத்தில் மட்டும்தான் காயில் லோடுக்குக் கரண்ட் கொடுக்கிறது. அதனால் காயிலில் அதிகக் கரண்ட் ஓட வேண்டும். கணக்கு எளிது: அவுட்புட் கரண்டை, 1 + (அவுட்புட் வோல்ட் ÷ இன்புட் வோல்ட்) என்பதால் பெருக்குங்கள். 12 வோல்ட் இன்புட் என்றால் அரை ஆம்பியருக்குக் காயிலில் சுமார் 1 ஆம்பியர். 5 வோல்ட் என்றால் 1.7-க்கும் மேல். ஐசியின் ஸ்விட்ச் 1 வோல்ட் அளவுக்குத் தின்கிறது; அதில் ஓடும் சராசரி கரண்டும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடும். அடாப்டரை 12 வோல்டுக்கு மாற்றியதுமே என் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. ஹீட்சிங்க் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள்.

ஹீட்சிங்கில்தான் எனக்கு ஒரு மாலை முழுக்கப் போனது. போர்டின் அடிப்பக்கத்தை தெர்மல் பேஸ்ட் தடவி, கிரவுண்ட் ஆன அலுமினியப் பெட்டியோடு இறுக்கினேன். அவுட்புட் பூஜ்யம். ஐசியின் உலோகத் தகடு அதன் கிரவுண்ட் பின்னோடு சேர்ந்தது. இங்கே அந்தப் பின்னே −12 வோல்ட்! நேரடி ஷார்ட். பேஸ்ட் மின்காப்பு ஆகாது. சிலிக்கான் தெர்மல் பேட் வையுங்கள், ஸ்க்ரூவுக்குப் பிளாஸ்டிக் வாஷர் போடுங்கள், மீட்டரில் ஷார்ட் இல்லை என்று பார்த்த பிறகே பவர் கொடுங்கள். பேஸ்டைவிட பேட்தான் என் தேர்வு.

பின்சேர்க்கை: 24 வோல்டில் இருந்து −24 எடுக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். ஐசிக்கு இரண்டும் சேர்ந்து 48 வோல்ட் தெரியும். அதன் வரம்பு 40. 24-இல் இருந்து −12 என்றாலே 36 ஆகிவிடும். மாட்யூலில் வழக்கமாக வரும் எஸ்எஸ்34 டையோடும் 40 வோல்ட்தான், அதனால் அப்போது 60 வோல்ட் எஸ்எஸ்36 மாற்றிவிடுங்கள்.