மனநல சாட்பாட் செய்வது எப்படி? முதலில் 14416

மனச்சோர்வு இருக்கிறதா என்று தமிழில் விசாரித்து, தேவைப்பட்டால் ஒரு மனிதரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் சின்ன சாட்பாட்டைத்தான் செய்யப் போகிறோம். ஆலோசனை சொல்லும் வேலையை அதற்குக் கொடுக்கவே வேண்டாம். பைத்தான் நிரல்மொழி கொஞ்சம் தெரிந்தால் போதும்.

படி 1: உதவித் திரை

கேள்விகளுக்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையின் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். தொட்டால் அழைப்பு போகிற மாதிரி ஒரு பொத்தான் வையுங்கள். அந்தத் திரையின் வாசகம் மனநல மருத்துவர் ஒருவர் பார்த்துச் சரிசெய்ததாக இருக்கட்டும். அங்கே செயற்கை நுண்ணறிவு மாடல் சொந்தமாக எதையும் எழுதக் கூடாது.

படி 2: கேள்விகள்

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 என்ற வினாப்பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். கடந்த 2 வாரங்களைப் பற்றி 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 10-ஐத் தொட்டால் மருத்துவரைப் பார்க்கச் சொல்லலாம். தமிழாக்கம் ஏற்கெனவே இருக்கிறது, நீங்களே மொழிபெயர்க்க வேண்டாம். இதுவரை வெறும் கூட்டல்தான், செயற்கை நுண்ணறிவுக்கு வேலையில்லை.

ஒன்பதாவது கேள்வி மட்டும் தனி. இறந்துவிடலாம், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் வந்ததா என்று கேட்பது அதுதான். மொத்தம் 4 தான் என்றாலும், இதில் 1 விழுந்தாலே நேராக உதவித் திரை. நிரலில் இந்தச் சோதனை கூட்டலுக்கு முன்னால் வர வேண்டும்.

படி 3: சொந்த வார்த்தைகள்

பயனர் தன் வார்த்தைகளிலேயே எழுதுவதைப் புரிந்துகொள்ள வேண்டும். கஷ்டமான பகுதி இதுதான். "தலைவலி, உயிரே போகுது" என்று ஒருவர் எழுதுகிறார். இன்னொருவர், "நான் இல்லாட்டி வீட்ல எல்லாரும் நிம்மதியா இருப்பாங்க" என்கிறார். ஆபத்தான சொற்களைப் பட்டியல் போட்டுத் தேடினால் முதலாமவர் மாட்டுவார், இரண்டாமவர் தப்பிவிடுவார். அவரைத்தான் நாம் விடவே கூடாது.

அதனால் வாக்கியத்தை முழுதாகப் படித்து, ஆபத்து என்றால் உதவித் திரைக்கு அனுப்பும் மாடல் வேண்டும். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு வெளியிட்ட, இந்திய மொழிகளுக்கான இண்டிக்பெர்ட் மாடல் தொடக்கத்துக்கு நல்லது. பயிற்சி வாக்கியங்களைத் தன்னார்வலர்களிடம் எழுதி வாங்குங்கள். யாரோ ஒருவர் அழுதுகொண்டே போட்ட பதிவை அள்ளிவராதீர்கள். உளவியலாளர்கள் இருவர் ஒவ்வொன்றும் ஆபத்தா இல்லையா என்று தனித்தனியாகக் குறியிடட்டும், ஒத்துப்போகாத இடத்தில் உட்கார்ந்து பேசட்டும். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுபவர்கள் ஏராளம். அதைத் தமிழ் எழுத்துக்கு மாற்றிவிட்டு அப்புறம் மாடலுக்குக் கொடுங்கள்.

படி 4: சோதனை

100 வாக்கியங்களில் 5 ஆபத்தானவை என்றால், எல்லாவற்றுக்கும் "ஆபத்தில்லை" என்று சொல்லும் மாடல்கூட 95% சரி. அந்தக் கணக்கு வேண்டாம். 5-இல் எத்தனையைப் பிடித்தது என்று பாருங்கள். தலைவலிக்காரருக்குத் தவறுதலாக 14416-ஐக் காட்டிவிட்டால் அவர் மூடிவிட்டுப் போவார், பரவாயில்லை.

படி 5: ரகசியம்

பெயர் கேட்காதீர்கள். வீட்டுக்கு ஒரே போன் என்ற இடங்களில், "இன்று மனச்சோர்வு எப்படி?" என்ற அறிவிப்பை முதலில் படிப்பது மாமியாராக இருக்கலாம். "ஒரு செய்தி வந்திருக்கிறது" என்பதோடு நிறுத்துங்கள். உரையாடலை உடனே அழிக்கும் பொத்தான், கண்ணில் படுகிற இடத்தில் இருக்கட்டும்.