கல்லை மாதிரியாக்குவது எப்படி: நிலவியல் குழுவின் களப்பயணத்துக்கு ஒரு வழிகாட்டி

நிலவியல் குழுக்களில் பாறை மேலுள்ள ஆசையால் வந்தவரும் அதையே தொழிலாகக் கொண்டவரும் சேர்ந்தே நடக்கிறார்கள். 1858இல் லண்டனில் தொடங்கிய நிலவியலாளர் சங்கமும் இப்படி இரு சாராரையும் சேர்த்துத்தான் வளர்ந்தது. இருவரும் ஒரே பாறையிலிருந்து ஆளுக்கொரு துண்டு எடுக்கலாம். எந்த இடம், எந்த அடுக்கு, எந்த நிலை என்ற குறிப்பு இல்லாவிட்டால் இருவர் கையிலும் இருப்பது வெறும் கல். குறிப்பு சரியாக இருந்தால், முதல் பயணத்துக்கு வந்த மாணவர் எடுத்த துண்டுகூட இருபது ஆண்டுகள் கழித்து ஓர் ஆய்வாளருக்கு உதவும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்தக் குறிப்பைக் காப்பதற்காகத்தான்.

புறப்படும் முன்

பயணத்தை நடத்துபவர் ஓரிரு வாரங்களுக்கு முன்பே இடத்தை ஒருமுறை நடந்து பார்த்துவிட வேண்டும். வரைபடத்தில் தெரியும் பாறை இன்று புதருக்குள்ளோ குப்பைக்குள்ளோ மறைந்திருக்கலாம். நில உரிமையாளர் அல்லது குவாரி பொறுப்பாளரிடம் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். நுழைய அனுமதி வேறு, கல் எடுக்க அனுமதி வேறு; இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். பாதுகாக்கப்பட்ட இடங்களில் சுத்தியலைப் பையிலிருந்து எடுக்கவே கூடாது. புதைபடிவங்களுக்குப் பல நாடுகளில் தனிச் சட்டம் உண்டு.

கடலோரப் பாறை என்றால் ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் வடியும்போது இறங்கி, மீண்டும் ஏறத் தொடங்கும் முன் வெளியேறும்படி நேரம் குறியுங்கள். பலத்த மழைக்கு மறுநாள் செங்குத்தான குவாரிச் சுவரின் அடியில் நிற்க வேண்டாம். விரிசலில் இறங்கிய நீர் கற்களைத் தளர்த்தியிருக்கும். ஒரு வழிநடத்துநருக்கு 12 பேருக்கு மேல் இருந்தால் பின்வரிசைக்கு விளக்கம் எட்டாது; குழுவைப் பிரித்துவிடுவதே நல்லது.

சுத்தியல் 600 முதல் 700 கிராம் எடையில், தலையும் கைப்பிடியும் ஒரே எஃகுத் துண்டாக அடித்து உருவாக்கிய நிலவியல் சுத்தியலாக இருக்கட்டும். தச்சுச் சுத்தியலின் முகம் ஆணி அடிப்பதற்கென்று கடினப்படுத்தப்பட்டது; பாறையில் அடித்தால் அதன் விளிம்பு சிதறிப் பறக்கும். அதே காரணத்தால் ஒரு சுத்தியலை உளியாக வைத்து இன்னொன்றால் அடிக்கக் கூடாது. உடைக்கும் இடத்தில் பாதுகாப்புக் கண்ணாடியும், சுவருக்கு அடியில் தலைக்கவசமும் கட்டாயம். இவை தவிர 10 மடங்கு லென்ஸ், சாய்வுமானியுடன் கூடிய திசைகாட்டி, காந்தம், எஃகுக் கத்தி, மெருகிடாத வெள்ளைப் பீங்கான் ஓடு, சொட்டுப் புட்டியில் நீர்த்த அமிலம், செய்தித்தாள், கெட்டியான பைகள், அழியாத மை மார்க்கர் வேண்டும். குறிப்பேட்டில் எழுதப் பென்சில்தான் சரி. பேனா மை மழையில் கரைந்துவிடும்.

பாறையின் முன் நின்றதும்

முதல் பத்து நிமிடம் சுத்தியலைத் தொட வேண்டாம். 15, 20 மீட்டர் பின்னால் போய் முழுப் பாறையையும் பாருங்கள். அடுக்குகள் எப்பக்கம் சாய்கின்றன? எது எதை வெட்டிச் செல்கிறது? வெட்டிச் செல்வது எப்போதும் வெட்டப்பட்டதைவிட இளையது. இந்த ஒரு விதியைக் கொண்டே ஒரு குவாரிச் சுவரின் வரலாற்றைப் பாதி எழுதிவிடலாம். கண்டதைக் கையால் வரையுங்கள். ஒளிப்படம் எடுங்கள், ஆனால் படம் வரைவதற்கு மாற்றாகாது. வரையும் கை ஒவ்வொரு கோட்டுக்கும் அது அடுக்கா விரிசலா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. வரைபடத்தில் அளவுகோலும், நீங்கள் பார்க்கும் திசையும் இருக்க வேண்டும்.

பிறகு கிட்டே போய், கல் தாய்ப்பாறையோடு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சரிவின் அடியில் கிடக்கும் பெரிய பாளம் பார்வைக்கு அசையாததுபோல் இருந்தாலும் மேலிருந்து உருண்டு வந்ததாக இருக்கலாம். அதிலிருந்து எடுத்தால் குறிப்பில் ‘உதிரிக்கல்’ என்று எழுதுங்கள். அதில் சாய்வு அளக்காதீர்கள்.

சாய்வை அளப்பது

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். அடுக்கின் மேற்பரப்பு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பரப்பு மேடுபள்ளமாக இருந்தால் அதன்மேல் குறிப்பேட்டை வைத்து, அட்டையின் மேல் அளக்கலாம். திசைகாட்டியின் நீண்ட விளிம்பைப் பரப்பில் வைத்து, நீர்மட்டக் குமிழி நடுவுக்கு வரும்வரை திருப்புங்கள். இப்போது விளிம்பு நிற்கும் கோடு கிடைமட்டமானது. அதன் திசையே ‘ஸ்ட்ரைக்’. அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக, பரப்பில் மிகச் செங்குத்தான இறக்கத்தில் சாய்வுமானியை வைத்தால் வருவது ‘டிப்’, அதாவது உண்மைச் சாய்வு. எந்தப் பக்கம் இறங்குகிறது என்று சந்தேகம் வந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். அது ஓடும் வழிதான் சாய்வுத் திசை.

எழுதும்போது ஸ்ட்ரைக்கை மூன்று இலக்கத்திலும் டிப்பை இரண்டு இலக்கத்திலும் எழுதுவது வழக்கம்: 045/30 தென்கிழக்கு. ஸ்ட்ரைக் திசையைப் பார்த்து நின்றால் சாய்வு உங்கள் வலப்பக்கம் இறங்க வேண்டும். இந்த வலக்கை விதியைக் குழு முழுவதும் ஒன்றுபோல் பின்பற்றாவிட்டால், பலருடைய அளவுகளை ஒரே வரைபடத்தில் சேர்க்கும்போது பாதி அடுக்குகள் எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்கும்.

தவறு எங்கிருந்து வருகிறது? இடுப்பிலுள்ள சுத்தியலும், அருகில் நிற்கும் வண்டியும், கைபேசி உறையிலுள்ள காந்தமும் ஊசியைத் திருப்பும். காந்தத்தன்மையுள்ள இரும்புக் கனிமமான மேக்னடைட் மிகுந்த பாறையும் அப்படியே. அங்கே ஊசியை நம்பாமல் தொலைவிலுள்ள அடையாளங்களைக் கொண்டு திசை பாருங்கள். விரிசல் பரப்பை அடுக்கு என்று நினைத்து அளப்பது இன்னொரு தவறு. அடுக்கின் குறுக்கே துகள் அளவோ நிறமோ மாறும். விரிசல் எல்லாவற்றையும் ஊடறுத்துப் போகும். மணற்கல்லில் நீரோட்டம் உண்டாக்கிய குறுக்கடுக்குகள் தொடக்கத்திலேயே சாய்ந்து படிந்தவை, அவற்றை அளந்தால் மடிப்பே இல்லாத இடத்தில் மடிப்பு தெரியும். சாய்வுத் திசைக்குக் கோணலாக வெட்டிய சுவரில் தெரியும் சாய்வு எப்போதும் உண்மைச் சாய்வைவிடக் குறைவு. ஓரிடத்தில் மூன்று முதல் ஐந்து முறை அளந்து எல்லாவற்றையும் எழுதுங்கள். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசத்தைத் திருத்தியாயிற்றா இல்லையா என்பதையும் பக்கத்தின் தலைப்பிலேயே குறியுங்கள்.

உடைப்பதும் எண்ணிடுவதும்

சமதளத்தின் நடுவில் அடித்தால் தூளும் தழும்பும்தான் மிஞ்சும். ஏற்கெனவே விரிசல் விட்ட மூலை அல்லது வெளியே நீட்டிய விளிம்பைத் தேர்ந்தெடுங்கள். அடிக்கும் முன் குரல் கொடுங்கள். சில்லு பறக்கும் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. தலைக்கு மேலுள்ள பாறையை அடிக்கவே வேண்டாம். வெளித்தோல் வெயிலிலும் மழையிலும் நிறம் மாறியிருக்கும், ஆகவே புதிய முகம் தெரியும்வரை உடையுங்கள். ஆனால் ஒரு பக்கத்தில் பழைய தோலை விட்டுவைப்பது நல்லது, அடுத்த முறை களத்தில் அந்தப் பாறையை அடையாளம் காண அதுதான் உதவும். சுமார் 10 × 7 × 3 சென்டிமீட்டர் துண்டு போதுமானது.

எண்ணிடுவதை அந்த இடத்திலேயே, அடுத்த கல்லைத் தொடும் முன் முடிக்க வேண்டும். வண்டிக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று விட்ட மாதிரிகள்தான் பின்னால் இடம் தெரியாத கற்களாகக் குழு அலமாரிகளில் சேர்கின்றன. ஒரே எண் மூன்று இடத்தில் வேண்டும்: கல்லின் மேல், பைக்குள் போடும் சீட்டில், குறிப்பேட்டில். ஆண்டு, எடுத்தவரின் முதலெழுத்து, இட எண், மாதிரி எண் என்ற வரிசை எளிது. பையின் வெளிப்புறத்தில் மட்டும் எழுதினால் கற்கள் உரசி எண் அழிந்துவிடும்.

குறிப்பில் ஆயத்தொலைவை (அட்சரேகை, தீர்க்கரேகை) தசம டிகிரியில், புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம்வரை எழுதுங்கள். ஐந்தாவது இலக்கம் சுமார் ஒரு மீட்டரைக் குறிக்கும். உயரமான சுவரின் அடியில் ஜி.பி.எஸ். பல மீட்டர் தவறலாம். ஆகவே ‘குவாரியின் வடக்குச் சுவர், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரம்’ என்று சொல்லாலும் எழுதுங்கள். புதிய முகத்தின் நிறம், தோலின் நிறம், துகள் அளவு, கண்ணுக்குத் தெரிந்த கனிமங்கள், மேலும் கீழும் உள்ள அடுக்குகள் எல்லாம் வேண்டும். மணல் என்பது 1/16 மில்லிமீட்டர் முதல் 2 மில்லிமீட்டர்வரை. வெறும் ‘மணற்கல்’ என்று பெயர் மட்டும் எழுதினால் பெயர் தவறாகும்போது குறிப்பு முழுவதும் வீணாகும். கண்டதை எழுதியிருந்தால் பெயரைப் பிறகு திருத்தலாம்.

அடையாளம் காண்பது

லென்ஸைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடித்து, கல்லை அதை நோக்கிக் கொண்டுவாருங்கள். 10 மடங்கு லென்ஸில் சுமார் இரண்டரை சென்டிமீட்டரில் தெளியும். லென்ஸைக் கல்லருகே வைத்துத் தள்ளி நின்று பார்ப்பவர்களுக்குப் பாதிதான் தெரிகிறது.

கடினத்தன்மைக்கு 1812இல் கனிமவியலாளர் மோஸ் வகுத்த, 1 (மிக மென்மை) முதல் 10 (மிகக் கடினம்) வரையிலான அளவுகோல் இன்றும் போதும். நகம் 2.5, கண்ணாடி 5.5, எஃகு அரம் 6.5, குவார்ட்ஸ் 7. கத்தியால் கீறியதும் ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். கோடு அழிந்தால் அது கத்தியின் உலோகத் தூள், கல் கத்தியைவிடக் கடினம். தளர்ந்த மணற்கல்லில் துகள்கள் உதிர்வதைப் பார்த்து மென்மை என்று முடிவுகட்டக் கூடாது. தனித் துகளைத்தான் சோதிக்க வேண்டும்.

பீங்கான் ஓட்டில் உரசினால் விழும் தூளின் நிறம் கல்லின் நிறத்தைவிட நம்பகமானது. ஹேமடைட் கறுத்து மின்னினாலும் செம்பழுப்புக் கீற்றுதான் விடும். மேக்னடைட் கறுப்பு, பைரைட் பச்சை கலந்த கறுப்பு, தங்கம் மஞ்சள். ஓட்டின் கடினம் சுமார் 7. அதைவிடக் கடினமான கனிமம் ஓட்டையே கீறி வெள்ளைத் தூள் தரும்.

அமிலச் சோதனைக்கு 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம். தயாரிக்கும்போது எப்போதும் தண்ணீரில் அமிலத்தை மெல்ல ஊற்றுங்கள், மாற்றிச் செய்தால் சூட்டில் தெறிக்கும். சுண்ணாம்புக்கல்லின் முக்கியக் கனிமமான கால்சைட் உடனே நுரைக்கும். டோலமைட்டைக் கீறித் தூளாக்கிய இடத்தில்தான் மெல்ல நுரைக்கும். நுரை வந்தாலே சுண்ணாம்புக்கல் என்று பொருளல்ல. கால்சைட்டால் ஒட்டப்பட்ட மணற்கல்லும் நுரைக்கும். அழகான படிக முகத்தில் விட்டால் அரித்துவிடும். ஓரத்தில் ஒரு சொட்டு போதும், உடனே கழுவுங்கள்.

அடர்த்தியை ஒரு மின்னணுத் தராசிலேயே அளந்துவிடலாம், பல குழுக்கள் இதைச் செய்வதேயில்லை என்பது வருத்தம்தான். உலர்ந்த கல்லை எடைபோடுங்கள். பிறகு தண்ணீர்க் குவளையைத் தராசில் வைத்துச் சுழியாக்கி, நூலில் கட்டிய கல்லை அடியும் பக்கமும் படாமல் முழுதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு, கன சென்டிமீட்டரில். கல் 212 கிராம், தராசு 80 காட்டினால் அடர்த்தி 2.65, அது குவார்ட்ஸுக்குப் பொருந்தும். கால்சைட் 2.71, பேரைட் சுமார் 4.5, கலீனா 7.5 அளவில். நுண்துளையுள்ள கல்லில் காற்று தங்கி அடர்த்தி குறைவாகத் தெரியும்.

சுத்தம் செய்வதும் வைப்பதும்

பெரும்பாலான கற்களுக்குத் தண்ணீரும் பல்துலக்கும் தூரிகையும் போதும். பாறையுப்பைத் தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும். கந்தகப் படிகம் கைச்சூட்டிலேயே விரிசல் விடும். துருக்கறைக்கு ஆக்ஸாலிக் அமிலம் பயன்படும், ஆனால் அது நச்சு. கையுறை தேவை, கால்சைட் உள்ள கல்லில் பயன்படுத்தக் கூடாது. நார்போன்ற அஸ்பெஸ்டாஸ் கனிமங்களைத் துலக்கவோ உடைக்கவோ கூடாது, மூடிய பெட்டியில் வையுங்கள். ஈயமுள்ள கலீனா, பாதரசமுள்ள சின்னபார், ஆர்செனிக் உள்ள ரியல்கர் ஆகியவற்றைத் தொட்டால் கை கழுவுங்கள். ரியல்கர் வெளிச்சத்தில் மஞ்சள் தூளாக உதிரும். செவ்வந்திக்கல்லின் நிறமும் வெயிலில் வெளுக்கும். இவற்றுக்கு மூடிய இழுப்பறைதான் இடம்.

பைரைட்டுக்குத் தனிக் கவனம் வேண்டும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் பைரைட்டும், அதைவிட வேகமாக மார்கசைட்டும் ஆக்சிஜனேற்றம் அடைந்து இரும்பு சல்பேட்டும் கந்தக அமிலமும் உண்டாகும். வெள்ளை அல்லது மஞ்சள் தூள், கந்தக நெடி, ஓரம் கருகிய லேபிள் ஆகியவை அறிகுறிகள். அந்த அமிலம் பெட்டியையும் பக்கத்துக் கற்களையும் தின்னும். பாதித்த கல்லை உடனே தனியே எடுத்து, தூளை உலர் தூரிகையால் நீக்கி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். தண்ணீரில் கழுவக் கூடாது. வார்னிஷ் பூசினாலும் பயனில்லை, உள்ளிருக்கும் ஈரம் வேலையைத் தொடரும்.

நிலையான எண்ணுக்கு, கண்ணில் படாத பக்கத்தில் ஒரு சென்டிமீட்டர் வெள்ளை அக்ரிலிக் பூசி, காய்ந்ததும் நிறமி மையால் எழுதி, மேலே ஒரு பூச்சு கொடுங்கள். ஒட்டுநாடா வேண்டாம், பசை காய்ந்து விழுந்துவிடும். லேபிளை அமிலமில்லாத தாளில் எழுதி, பட்டியலின் பிரதி ஒன்றை வேறிடத்தில் வையுங்கள். மாதிரி கைமாறும்போதோ பெயர் திருத்தப்படும்போதோ பழைய லேபிளை எறியாமல் புதியதோடு சேர்த்தே வைக்க வேண்டும். யார், எப்போது, எதைக் கண்டு இன்ன கனிமம் என்றார்கள் என்பது அந்தப் பழைய சீட்டில்தான் இருக்கும். அருங்காட்சியகத்துக்கு மாதிரியைக் கொடுக்கும்போது குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தையும் படியெடுத்துச் சேர்த்துக் கொடுங்கள்.