மெக்சிகோவின் வீரப் பெண்களை மதுரைப் பிள்ளைகளுக்குச் சொல்வது எப்படி?

மீனாட்சி திக்குவிசயம் செய்த கதையையும், கண்ணகி பாண்டியன் அவையில் நீதி கேட்ட கதையையும் கேட்டு வளரும் மதுரைப் பிள்ளைகளுக்கு மெக்சிகோவின் கதைகளைச் சொல்ல விரும்புவோர், தெய்வங்களுக்கு முன்பாகக் கோர்தோபா நகரத்துப் பெண்ணின் கதையை எடுத்துக்கொள்வது நல்லது. சூனியக்காரி என்று பழி சுமத்தப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்ட அவள், கரித்துண்டால் சுவரில் ஒரு கப்பலை வரைந்து, "இதற்கு என்ன குறை?" என்று காவலனிடம் கேட்கிறாள், "ஓடவில்லை என்பதுதான் குறை" என்று அவன் சொன்னதும், அதில் ஏறி மறைந்துவிடுகிறாள். இதைச் சொல்லும்போது நீங்களும் ஒரு கரித்துண்டை எடுத்து, அடிப்பாகம், பாய்மரம், கயிறு என்று ஒவ்வொன்றாகத் தரையில் வரையுங்கள். கேள்வியைக் கேட்டபின் விடையைப் பிள்ளைகளே சொல்லட்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் கதையே கெட்டுவிடும்.

அடுத்து, பாம்புகளால் பின்னிய பாவாடை அணிந்த, பண்டைய மெக்சிகோவின் அஸ்டெக் மக்களுடைய தாய்த்தெய்வமான கோவாட்லிக்குவே. மலைமேல் பெருக்கிக்கொண்டிருந்தவள், மேலிருந்து விழுந்த இறகுப் பந்தை இடுப்பில் செருகிக்கொண்டதால் கருவுற்றாள் என்றும், அதைப் பொறுக்காத மகள் கொயோல்ஷாவ்கி உடன்பிறந்தாரைத் திரட்டிப் போருக்கு வந்தபோது, ஆயுதத்தோடு பிறந்த மகன் அவளை வெட்டி வீழ்த்தினான் என்றும் கதை செல்கிறது. 1978இல் மெக்சிகோ நகரில் மின்பணியாளர்கள் தோண்டியபோது வெளிப்பட்ட, 3 மீட்டருக்கும் அதிக விட்டமுள்ள வட்டக்கல்லில் அந்த மகளின் துண்டுபட்ட உடல் செதுக்கப்பட்டிருக்கிறது. வளர்ந்த பிள்ளைகளுக்கு அதன் படத்தைக் காட்டலாம், மிகச் சிறியவர்களுக்கு வேண்டாம். கோவாட்லிக்குவேயை நம் காளியோடு நீங்களாகவே ஒப்பிட்டு முடித்துவிடாதீர்கள். பிள்ளைகள் கேட்டால் மட்டும் பேசுங்கள்.